அம்மாவின் பழைய சேலையில் ஒட்டுப்போர்வை: நடுவில் என்ன வைப்பது, எப்படிக் காயவைப்பது?

வட்டவளை_மழை:

வணக்கம். ஊரில் தைக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நான் கேட்கப்போவதைச் சொன்னால் "பழந்துணியோட மினக்கெடாம வேலையப் பாரு" என்பார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில் வட்டவளைப் பக்கம். வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற இடம். வைகாசியில் தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் புரட்டாசி வரைக்கும் கொடியில் போட்ட துணி ஈரம் குறையாமல் அப்படியே தொங்கும். இந்த நாட்களில் பின்னேரம் நான்கு மணிக்கே வீட்டுக்குள் இருட்டு, கரண்ட் போனால் முழு இருட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்படியில்தான் எல்லாரும். அப்படி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஏதாவது தைக்கலாமே என்று யோசித்தபோதுதான் யூடியூபில் குவில்ட் தைப்பதைப் பார்த்தேன். மேலே சதுரம் சதுரமாக ஒட்டிய துண்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டிவிடுகிறார்கள். பார்த்ததில் இருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

துணிக்குப் பஞ்சமில்லை. ட்ரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. வீட்டுக்காரரின் பழைய சாரங்கள் (லுங்கிகள்), பிள்ளைகளின் வெள்ளை யூனிபோம் (அரசாங்கம் வருடா வருடம் கொடுக்கிற துணியில் தைத்தது, பிள்ளை வளர்ந்துவிடுகிறது, துணி நல்லாகவே இருக்கிறது), தீபாவளிச் சட்டை தைத்து மிஞ்சிய துண்டுகள், எல்லாவற்றுக்கும் அடியில் அம்மா தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கட்டிய சேலைகள். மெஷினும் இருக்கிறது, மாமியார் காலத்து கால் மெஷின், சிங்கர், நேர்த்தையல் மட்டும்தான் போடும்.

கேள்விக்கு வருகிறேன். நடுவில் என்ன வைப்பது? வீட்டில் இரண்டு பழைய தலையணை கிடக்கிறது, அதில் இருக்கும் இலவம் பஞ்சை எடுத்துப் போடலாமா? அப்படித் தடிப்பாகத் தைத்த போர்வையை எங்கள் ஊர் மழையில் துவைத்தால் என்றைக்குக் காயும்? இந்தப் பழைய மெஷின் மூன்று அடுக்கைத் தைக்குமா? இதைவிடப் பெரிய பிரச்சினை அம்மா. நான் பெட்டியைத் திறந்தாலே பின்னால் வந்து நிற்கிறார். இடுப்பில் படங்கு (சாக்குத்துணி) கட்டின இடம் தேய்ந்து, கொழுந்துக் கறை ஏறின சேலைகள், இனி யாரும் உடுத்தப் போவதில்லை, ஆனாலும் "கத்தரிக்கோல வச்சுப் பாரு தெரியும்" என்கிறார். சேலை இல்லாமல் தைக்கவும் எனக்கு மனமில்லை, அதற்காகத்தானே தைக்கிறேன்.

தலவாக்கலை_டெய்லர்:

தங்கச்சி, முதலில் அந்தத் தலையணையைத் தலையணையாகவே விட்டுவிடுங்கள். இலவம் பஞ்சு வழுக்குகிற பஞ்சு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. தலையணைக்குள் அடைத்து வைத்தால் சரி, போர்வையில் பரப்பினால் இரண்டு தரம் உதறியதும் ஒரு மூலைக்கு ஓடிவிடும். மெல்லிய துணியாக இருந்தால் இழைவழியாக வெளியே வந்து மூக்கில் ஏறும், நனைந்தால் கட்டி கட்டியாகிவிடும். அதனால்தான் நம் வீடுகளில் தலையணையை வெயிலில் போடுவார்களே தவிரத் துவைக்க மாட்டார்கள்.

கடையில் விற்கிற பொலியெஸ்டர் பஞ்சுத்தாள் வாங்கலாம், மெல்லியதாக. அது தண்ணீரைப் பிடித்து வைக்காது, சீக்கிரம் வடிந்துவிடும். முழுப் பருத்திப் பஞ்சு உடம்புக்கு இதம்தான், ஆனால் ஈரத்தை விடாது, வட்டவளையில் அதைத் துவைத்துக் காயப்போடுவது நடக்கிற காரியமில்லை. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் வீட்டில் கிடக்கிற மெல்லிய பழைய போர்வை ஒன்றை நடுவில் வையுங்கள். பலமுறை துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த போர்வையாக இருக்கட்டும். கம்பளி ரோமப் போர்வை வேண்டாம், அது வெந்நீர் பட்டால் இறுகிச் சுருங்கி மேல்துணியைச் சேர்த்து இழுத்துவிடும்.

அடுத்தது துணி. எந்தத் துணியையும் எந்தத் துணியோடும் ஒட்டலாம் என்று நினைப்பவர்கள்தான் என் கடைக்குத் திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். சாரமும் யூனிபோம் துணியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். இழுபடுகிற ஜெர்சி, பனியன் துணி, லைக்ரா கலந்தது எல்லாம் தனியாக எடுத்துவையுங்கள், கால்மிதிக்கு ஆகும். சேலை நூலா நைலோனா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் இரண்டு இழை உருவித் தீக்குச்சியில் பிடியுங்கள். நூல் என்றால் காகிதம் எரிந்த வாசம் வந்து சாம்பலாகும். நைலோன், பொலியெஸ்டர் எல்லாம் உருகிக் கெட்டியான மணி மாதிரி நிற்கும். உருகுகிற துணியில் சூடான அயன் வைக்க முடியாது, ஒட்டுப்போர்வையில் துண்டுகள் சேரும் ஒவ்வொரு தையலையும் அயன் பண்ணாவிட்டால் சதுரம் சதுரமாக இருக்காது.

சாயமும் பார்க்கவேண்டும். சிவப்பு, கரும்பச்சை, நீலம் மூன்றையும் ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள். ஒட்டினால் அந்தத் துணி வெள்ளை யூனிபோம் பக்கத்தில் வரவே கூடாது. உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள், இப்போதைய சாயங்களுக்கு அது வேலை செய்யாது. வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்துவிடுங்கள்.

அளவு சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு 63 அங்குல அகலம், 81 அங்குல நீளம் தாராளம். 5 அங்குலச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தைத்தால் ஒவ்வொன்றும் 4½ அங்குலமாக நிற்கும். குறுக்கே 14, நெடுக்கே 18, ஆக மொத்தம் 252 சதுரம். சட்டைக்கு விடுகிற மாதிரி அரை அங்குலம் விட்டால் கணக்கே மாறிப்போகும், கவனம். சாரத்தை முதலில் வெட்டுங்கள், அதில் கட்டம் இருப்பதால் கோடு போடாமலே நேராக வெட்டலாம், கையும் பழகும்.

மெஷின் தைக்கும். பழைய சிங்கர் மூன்று அடுக்குக்குப் பயப்படாது. மேலே, பாதத்தைத் தாங்கும் கம்பியின் தலையில் ஒரு திருகு இருக்கும், அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அழுத்தம் குறைந்தால் மேல்துணி முன்னால் தள்ளிப்போகாது. துண்டு ஒட்டும்போது அங்குலத்துக்கு 12 தையல், மூன்று அடுக்கையும் சேர்க்கும்போது 8 அல்லது 9. ஊசி 14 போதும், தடிப்பு என்றால் 16. பெல்ட் வழுக்கினால் மெஷினைத் திட்டாதீர்கள், மழைக்காலத்தில் தோல் பெல்ட் இளகும், கொஞ்சம் வெட்டிக் கட்டினால் சரி.

பண்டாரவளைக்காரி:

டெய்லர் அண்ணன் சொன்னதில் துணிப் பகுதி முழுக்கச் சரி, ஆனால் நடுவில் போர்வை வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தைக்கும்போது ஒன்றும் தெரியாது. நனைந்த பிறகு தூக்கிப் பாருங்கள், இரண்டு பேர் பிடித்துப் பிழிய வேண்டும். நம் வீடுகளில் துவைப்பது பீலிக்கடியில் (தண்ணீர்க் குழாயடியில்), கையால். கையால் பிழிய முடியாத எதையும் நான் தைப்பதில்லை.

என் வழி வேறு. பஞ்சே இல்லாமல் தைப்பேன். வங்காளத்தில் காந்தா என்று ஒன்று தைக்கிறார்கள், பழைய சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஓடுதையல் மட்டும் போடுவது, நூலைக்கூட முன்காலத்தில் சேலைக் கரையில் இருந்தே உருவினார்களாம். அது நமக்கு நன்றாகப் பொருந்துகிறது. குளிருக்குப் போதுமா என்று கேட்பீர்கள். இரண்டு மெல்லியதைச் சேர்த்துப் போர்த்தினால் நடுவில் காற்று நிற்கும், தடிப்பான ஒன்றைவிடச் சூடு. துவைக்கும்போது ஒவ்வொன்றாகத் துவைக்கலாம், ஒன்று கொடியில் இருக்கும்போது மற்றது உடம்பில் இருக்கும்.

இப்போது அம்மா விஷயம். தங்கச்சி, சேலையை ஏன் வெட்டுகிறீர்கள்? சேலை 5½ மீட்டர், அதாவது 216 அங்குலம். மூன்றாக மடித்தால் 72 அங்குல நீளம், 45 அங்குல அகலம், மூன்று அடுக்கு. பிள்ளைக்கு அளவான போர்வை. அப்படியே மடித்து, ஓரத்தைச் சுற்றித் தைத்து, உள்ளே அரை அங்குலத்துக்கு ஒரு வரிசை, இல்லை ஒரு அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓடுதையல் போட்டால் முடிந்தது. கத்தரிக்கோல் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பெரியவர்களுக்கு என்றால் இரண்டு சேலையை அப்படிச் செய்து பக்கத்துக்குப் பக்கம் இணைத்தால் 90 அங்குல அகலம் வருகிறது. தேய்ந்த இடம் நடு அடுக்கில் வருகிற மாதிரி மடியுங்கள், கரையும் முந்தானையும் வெளியே தெரியட்டும்.

அப்புறம் காலம். நீங்கள் எல்லாரும் வைகாசி மழை, புரட்டாசி மழை என்கிறீர்கள், எங்கள் ஊவா மாகாணப் பக்கம் கணக்கு தலைகீழ். ஆடியில் உங்களுக்குக் கொட்டும்போது எங்களுக்குக் கச்சான் காற்று வீசும், காய்ந்த காற்று, காலையில் துவைத்த போர்வை மத்தியானம் மடிக்கலாம். தேயிலைக்கும் அதுதானே எங்கள் பக்கத்துப் பெயர்பெற்ற பருவம். எங்களுக்கு ஈரம் ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் போகும். அதனால் யார் எந்த மாதம் தைக்கச் சொன்னாலும் அவர் எந்தப் பக்க மலையில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டுத் தையுங்கள்.

வட்டவளை_மழை:

மூன்றாக மடிப்பது எனக்குத் தோன்றவே இல்லை! அம்மாவிடம் சொன்னேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பெட்டிக்குக் கிட்டப் போனார், அதுவே பெரிய விஷயம்.

அக்கா, எங்கள் பக்கத்துக்கு ஏற்ற மாதிரி மாதக் கணக்கு யாராவது சொல்ல முடியுமா? சதுரம் ஒட்டுகிற போர்வையையும் விடப் போவதில்லை, 252 என்று கேட்டதும் கொஞ்சம் தலை சுற்றியது, அவ்வளவுதான்.

தலவாக்கலை_டெய்லர்:

பஞ்சில்லாமல் தைத்தால் அதைக் குவில்ட் என்று சொல்லலாமா தெரியாது, சேலை போர்வை ஆனது, அவ்வளவுதான். சரி, பண்டாரவளைத் தங்கச்சியோடு சண்டை போட வரவில்லை, பிள்ளைப் போர்வைக்கு அந்த மடிப்பு நல்ல யோசனை.

நம் பக்கத்துக்கு இப்படிப் பாருங்கள். இப்போது தொடங்கி புரட்டாசி வரைக்கும் வெட்டுவதும் சதுரம் ஒட்டுவதும் மட்டும். நான்கு நான்காக ஒட்டினால் மடியில் வைத்தே தைக்கலாம், இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வெளிச்சத்தில் உட்கார்ந்து கையாலும் தைக்கலாம், ஒரு ஷொப்பிங் பேக்கில் அடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடியும் மழையுமாக இருக்கும், மெஷின் வேலையைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன் எந்த டெய்லரிடமும் சந்தேகம் கேட்டுப் போகாதீர்கள், நான் உட்பட. டிசம்பர் லீவில் பிள்ளைகளை வைத்து நிறம் அடுக்கிப் பார்க்கலாம். தை பிறந்து பங்குனி வரைக்கும் நமக்குக் காய்ந்த குளிர், அப்போதுதான் எல்லாத் துண்டுகளையும் இணைத்து, வெயிலில் காயப்போட்டு, மூன்று அடுக்கையும் சேர்க்க வேண்டும். ஈரமான காலத்தில் அடுக்கி மூடித் தைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும், கரும்புள்ளி விழும், அது போகவே போகாது.

கண்டி_டீச்சர்:

பாடப்புத்தகம் திருத்திக்கொண்டிருந்தவள் இதை வாசிக்க உட்கார்ந்துவிட்டேன்.

வட்டவளைத் தங்கச்சி, "பழந்துணியோட மினக்கெடாதே" என்று யாராவது சொன்னால் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். அடிமைகளாகப் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிற ஊர். அந்தப் பெண்கள் தேய்ந்த வேலை உடுப்பில்தான் போர்வை தைத்தார்கள். காற்சட்டையின் முழங்கால் வெளுத்திருந்தால் வெளுத்த துண்டாகவே வைத்துத் தைத்தார்கள். பலகை வீட்டில் குளிர் புகாமல் இருக்கத் தைத்தது, யாருக்கும் காட்ட இல்லை. 2002 இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டிக் காட்சி வைத்தது, 2006 இல் அந்நாட்டுத் தபால் திணைக்களம் முத்திரையாகவே அடித்தது. 1972 இல் ஒரு பெரிய கடைக்கு கோடுரோய் துணியில் குஷன் உறை தைத்துக் கொடுக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது, அந்த வேலையில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகள் ஊரெல்லாம் போர்வையாகின. நம் கார்மென்ட் கட்பீஸ் கதைதான், இடம்தான் வேறு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், யூடியூபில் வருகிற குவில்ட் எல்லாம் புதுத்துணி வாங்கி வெட்டுவது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் பெட்டியைப் பார்த்தால் குறையாகத் தெரியும். கொழுந்துக் கறை போகவில்லை என்று அந்த இடத்தை வெட்டி எறியாதீர்கள். துணி பலமாக இருந்தால் கறை இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள், கிழியாவிட்டால் வைத்துக்கொள்ளலாம். நைந்ததை மட்டும் ஒதுக்குங்கள்.

அம்மா மறுப்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. தோட்டத்தில் முன்பெல்லாம் கம்பளியைக்கூடச் சும்மா கொடுக்கவில்லை, கொடுத்துவிட்டுச் சம்பளக் கணக்கில் பிடித்துக்கொண்டார்கள். மழைக்குத் தலையில் போட்ட கம்பளி, இரவில் அதையே போர்த்திக்கொள்வது. அப்படி வளர்ந்த ஒரு தலைமுறையிடம் வளர்ந்தவர் உங்கள் அம்மா. நல்ல துணியைத் துண்டாக்குவது அவருக்கு விளையாட்டாகத் தெரியாது. நீங்கள் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டாம், அவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். எந்தச் சேலையில் எந்த மலைக்குப் போனார், எதைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேறுக்குப் போனார் என்று அவர் சொல்வதைச் சின்னச் சீட்டில் எழுதி ஒவ்வொன்றிலும் குத்தி வையுங்கள். அந்தச் சீட்டு போர்வையைவிடப் பெறுமதியாகும் என்பது என் அபிப்பிராயம், தைக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம்.

மஸ்கெலியா_ஸ்காபரோ:

நான் பிறந்தது மஸ்கெலியாவில், இப்போது கனடாவில் இருக்கிறேன். டீச்சர் சொன்ன யூடியூப் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. இங்கே வீட்டுக்கு வீடு உலர்த்தும் மெஷின். தடிப்பான பருத்திப் பஞ்சு வைத்துத் தைத்து, துவைத்து, அந்த மெஷினுக்குள் போட்டு ஒரு மணித்தியாலத்தில் எடுத்து மடிக்கிறார்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால் காற்றே உலர்ந்து கிடக்கும். அதனால்தான் வீடியோவில் எல்லாரும் "நூறு வீதம் பருத்தி" என்று அடித்துச் சொல்கிறார்கள். அந்தப் புத்திமதியை மஸ்கெலியாவுக்கோ வட்டவளைக்கோ கொண்டுவந்தால் பூஞ்சணம்தான் மிச்சம்.

பஞ்சுத்தாள் வாங்கினால் பைக்கட்டில் ஒரு அளவு போட்டிருப்பார்கள், எத்தனை அங்குலத்துக்குள் ஒரு தையல் வரவேண்டும் என்று. அதைப் பாருங்கள், சிலது 4 அங்குலம், சிலது 8, 10 வரை போகும். அளவு போடாத பஞ்சு என்றால் நெருக்கமாகத் தைப்பதுதான் பாதுகாப்பு. தையல் ஓட்டக் கஷ்டமாக இருந்தால் கட்டுப்போடும் முறை இருக்கிறது: தடித்த நூலை மூன்று அடுக்கும் ஊடுருவ மேலிருந்து கீழே விட்டுத் திரும்ப மேலே எடுத்து இறுக்க முடிச்சு, 4 அங்குலத்துக்கு ஒன்று. மெஷினே தேவையில்லை.

ஊரில் சிவனொளிபாதமலை சீசனில் யாத்திரை போகிறவர்கள் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் இருந்து இறங்குவது ஞாபகம் வருகிறது. அந்தப் போர்வைகளில் பாதி ஒட்டுப்போட்டவைதான்.

லிந்துலைப்_பொண்ணு:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இதைத் தைத்து எல்ல என்ற ஊர்ப் பக்கம் சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர்களுக்கு விற்கலாமா? யாராவது விற்றிருக்கிறீர்களா?

பண்டாரவளைக்காரி:

போர்வை விற்காது. முதுகுப்பை ஒன்றோடு வருகிறவர்கள், தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் கடற்கரைக்குப் போகிறவர்கள், அவர்கள் எங்கே கட்டிச் சுமப்பது? குஷன் உறை, சின்னத் துணிப்பை, மேசை விரிப்பு என்றால் கேட்பார்கள். அதுவும் சாரத் துண்டில் தைத்தது முதலில் போகும். போர்வைக்குப் போகிற நேரத்தைக் கூலிக் கணக்குப் போட்டால் யாரும் அந்த விலை தரமாட்டார்கள், வீட்டுக்கே தையுங்கள்.

நுவரெலியா_தம்பி:

எங்களுக்குத் தையில் புல்லுத்தரை வெள்ளையாக உறைந்து கிடக்கும், உருளைக்கிழங்குச் செடி கருகும், 1868 மீட்டர் உயரம் என்றால் சும்மாவா. ஆச்சி தைத்த ஒட்டுப்போர்வை இரண்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. பண்டாரவளை அக்கா சொல்வது உண்மை, இரண்டு மெல்லியதுதான் சூடு. ஒரு சந்தேகம், மழை மாதத்தில் வைத்து எடுத்தால் வாடை அடிக்கிறது, என்ன செய்வது? பொலித்தீன் பேக்கில்தான் கட்டி வைக்கிறோம்.

பண்டாரவளைக்காரி:

பொலித்தீன்தான் காரணம் தம்பி. காற்றுப் போகாது, கொஞ்ச ஈரம் இருந்தாலும் உள்ளேயே வேகும். பழைய தலையணை உறைக்குள் மடித்து வையுங்கள். தகரப் பெட்டி என்றால் அடியில் செய்தித்தாள் விரியுங்கள், பெட்டியைச் சுவரில் ஒட்டாமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து உதறி மடிப்பை மாற்ற வேண்டும், ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில்தான் துணி முதலில் கிழியும்.

அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணில் போர்வையைப் போடுகிற பழக்கம் எங்கள் பக்கமும் உண்டு. காயும், ஆனால் புகை வாடை துவைத்தாலும் லேசில் போகாது, கறையும் ஏறும். வேறு வழியில்லாத நாளில் மட்டும். கொடியில் போடும்போது ஒற்றைக் கயிற்றில் தொங்கவிடாதீர்கள். ஒரு அடி இடைவெளியில் இரண்டு கயிறு கட்டி, இரண்டின் மேலும் படுகிற மாதிரிப் போடுங்கள், நடுவில் காற்று ஓடும். பாதி நேரத்தில் காயும்.

வட்டவளை_மழை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று டீச்சர் சொன்ன மாதிரியே "நீங்களே எடுத்துத் தாங்க" என்று பெட்டியை அம்மா முன்னால் வைத்தேன். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்து, இது இன்ன தோட்டத்துரை இருந்த காலம், இது இன்ன கங்காணி பேரில் கொழுந்து எடை போட்ட காலம் என்று இரவுச் சாப்பாடு வரைக்கும் கதைதான். கடைசியில் ஊதாப்பூப் போட்ட நூல் சேலை ஒன்றைத் தள்ளிவிட்டார். டெய்லர் அண்ணன் சொன்ன தீக்குச்சிச் சோதனையும் செய்தேன், சாம்பல்தான். அதை மூன்றாக மடித்து சின்னவளுக்குப் போர்வை தைக்கப் போகிறேன். பச்சைச் சேலையைத் தொடக்கூடாதாம், அது ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சதுரப் போர்வைக்கு சாரமும் யூனிபோமும் வெட்டத் தொடங்கிவிட்டேன். அடித்துணிக்குச் சேலை கிடைக்குமா என்று தெரியாது, தை மாதத்துக்கு முன்னால் அம்மா மனம் மாறினால் எத்தனை சேலை தேவைப்படும் என்று அண்ணன் சொல்லுங்கள். இன்னொன்று, மடித்த சேலை தைக்கும்போது வழுக்கி நகர்கிறது. ஊக்குக் குத்தித் தைக்கலாமா, நூலோட்டி வைக்க வேண்டுமா?

தலவாக்கலை_டெய்லர்:

ஒரு சேலை போதும். 87 அங்குலமாக இரண்டு துண்டு எடுத்து நீளப்பக்கம் சேர்த்தால் 87க்கு 90 வரும், 63க்கு 81 போர்வைக்கு அது மிச்சம். 216 இல் 174 போனால் 42 அங்குலம் மீதி. அதில் 2½ அங்குலப் பட்டி எட்டு வெட்டி இணைத்து, இரண்டாக மடித்து ஓரம் கட்டலாம், சுற்றளவு 288 அங்குலம்தான், பட்டி தாராளமாக வரும். ஓரத்துக்குத் தனித்துணி வாங்காதீர்கள். அடித்துணி எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் கூட இருக்கட்டும், தைத்து முடித்த பிறகு வெட்டலாம்.

நகர்வதற்கு: தரையில் விரித்து, நடுவில் இருந்து வெளிப்பக்கமாகக் கையால் நீவி, ஒரு சாணுக்கு ஒரு வரிசை பெரிய தையலாக நூலோட்டுங்கள். ஊக்கு வேகமான வேலைதான், நான்கு அங்குலத்துக்கு ஒன்று குத்தினால் போதும், ஆனால் நம் ஊர் ஈரத்தில் ஊக்கு துருப்பிடிக்கும், துருக்கறை போகாது. மழைக்காலத்தில் தைக்கிற போர்வையில் ஊக்கை நாள்கணக்கில் விடாதீர்கள். அம்மாவின் சேலைக்கு நூலோட்டமே போடுங்கள், வெள்ளை நூலில், கடைசியில் உருவ லேசாக இருக்கும்.